பதினாறு தொட்டிகளும் ஒரு தட்டைக்கல்லும்

எங்கள் இன்கா முன்னோர் மலைமேல் கட்டிய நகரத்தில் பதினாறு கல் தொட்டிகள் படிப்படியாக இறங்குகின்றன. மேலே ஊற்றிலிருந்து கல் வாய்க்காலில் வரும் தண்ணீர் ஒன்றை நிரப்பி அடுத்ததில் விழும். அவற்றைச் சுத்தம் செய்வது எனக்கும் என் மச்சான் நிக்காசியோவுக்கும் வேலை. போன நவம்பரில், மழை கொட்டிக்கொண்டிருந்தபோதே, பதினாறும் வறண்டுபோயின.

கடற்கரைப் பட்டணத்திலிருந்து வந்த பொறியாளர் அம்மா வரைபடத்தை விரித்தார். “பழைய வாய்க்கால் செத்துப்போச்சு, எவரிஸ்தோ. நாளைக்குக் கல்லப் பேத்துட்டு பிளாஸ்டிக் குழாய் போடறோம்.”

எனக்குப் பொறுக்கவில்லை. எத்தனையோ நிலநடுக்கத்தில் மலையே குலுங்கியும் அசையாத வாய்க்கால் அது. எங்கும் தண்ணீர் துள்ளாது, தேங்காது. அந்தச் சரிவை அளந்து வெட்டியவன் கையை ஒருமுறை தொட்டுக் கும்பிட வேண்டும் என்று தினமும் நினைப்பேன்.

“இந்தம்மாவுக்குக் குழாயத் தவிர என்ன தெரியும்?” என்று திட்டிக்கொண்டே நிக்காசியோவுடன் வாய்க்கால் ஓரமாக ஊற்றுவரை ஏறினேன். ஒவ்வொரு கல் மூட்டாகத் தடவிப் பார்த்தேன். ஒரு விரிசல்கூட இல்லை.

ஊற்றின் வாயை ஒரு தட்டைக்கல் அடைத்துக்கொண்டு கிடந்தது. நிக்காசியோ அதைப் புரட்டினான். அடியில் அழுகிய கோகா இலைகள் ஒட்டியிருந்தன.

“மச்சான், இது ஆகஸ்ட்ல நீ பூமித்தாய்க்கு வச்ச படையல் இல்ல?”

“ஊத்துக்கு மேலதான் வச்சேன். எல காத்துல பறந்துடக் கூடாதுன்னு கல்ல வச்சேன்” என்றேன். மழைவெள்ளம் அதை ஊற்றின் வாய்க்குள் தள்ளியிருக்கிறது.

“நல்லா வச்ச போ. பாவம், அந்தம்மாவத் திட்டிட்டே வந்தியே. வாயத் திறக்காத. தெரிஞ்சா உன் வேலை போயிடும்.”

கீழே வந்தபோது முதல் தொட்டியில் தண்ணீர் விழுந்துகொண்டிருந்தது. ஆனால் பொறியாளர் அம்மா முகம் மாறவில்லை.

“இன்னிக்கு வந்துது, நாளைக்கு நின்னுட்டா? காரணம் தெரியாத வாய்க்கால நம்ப முடியாது. குழாய் போட்டே ஆகணும்.”

நிக்காசியோ என் முதுகில் கிள்ளினான். வெட்கம் பிடுங்கித் தின்றது.

“காரணம் தெரியும்மா. நான்தான்.” எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன்.

“அப்போ வாய்க்கால் கட்டினவங்க மேல குத்தம் இல்லையா?”

“அவங்க மேல ஒரு குத்தமும் இல்லம்மா.”

அவர் உட்கார்ந்து, தண்ணீர் ஒவ்வொரு தொட்டியாக இறங்குவதைப் பார்த்தார். பதினாறாவது நிரம்பியதும் வரைபடத்தில் குழாய்க்குப் போட்டிருந்த கோட்டை அழித்தார்.

“அடுத்த ஆகஸ்ட்ல என்னையும் கூப்பிடு” என்றார். “எல நீ வை. கல்லத் தொட விடமாட்டேன்.”