விட்டுக்கொடுத்த இரண்டடி

கோல்ஃப் மைதானத்துப் புல்லுக்கு இரவில்தான் தண்ணீர் காட்ட முடியும். பம்ப்காரருக்கு ஒன்பது வருடமாக அதுதான் வேலை. காலையில் மனைவி தையல் ஆலைக்குக் கிளம்பும்போது இவர் வாசலில் செருப்பைக் கழற்றுவார். மொத்தக் குடித்தனமும் அந்த வாசற்படியில்தான்.

பகல் ஷிப்டில் ஓர் இடம் காலியானது. இவரும் கேட்டார், கூடவே இராப்பணி பார்க்கும் தங்கை புருஷனும் கேட்டான். யாருக்குக் கொடுத்தாலும் பொல்லாப்பு என்று மேலாளர் இருவரையும் ஆடித் தீர்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டார். நடுவர், எந்நேரமும் விதி பேசுவதால் 'சட்டப்புத்தகம்' என்று பெயர் வாங்கிய மேற்பார்வையாளர்.

இரவு வேலை முடிந்த கையோடு இறங்கினார்கள். குழிக்குக் குழி தனிச் சண்டை. குறைந்த அடியில் பந்தைப் போட்டவனுக்கு அந்தக் குழி. பதினேழு குழி முடிந்தும் சமம். கடைசிக் குழியில் பம்ப்காரர் ஐந்தில் முடித்தார். மாப்பிள்ளையின் பந்து குழிக்கு இரண்டடி தூரத்தில் கிடந்தது.

பம்ப்காரர் எரியும் கண்களோடு மாப்பிள்ளையின் அடிகளைக் கூட்டிப் பார்த்தார். முதல் அடி. இரண்டாவது போய்ப் புல்லுக்குத் தண்ணீர் தெளிக்கும் குழாய்த் தலையில் ஒட்டி நின்றது. பந்தைத் தள்ளி வைத்ததற்குத் தண்டனையாக ஓர் அடி. அடுத்தது குழியருகே. இதைப் போட்டால் ஐந்து, சமம். இரண்டடியைப் போய் அடித்துக் காட்டு என்பது மரியாதையில்லை; அடிக்காமலே போட்டதாக விட்டுக்கொடுப்பதுதான் வழக்கம்.

"எடுத்துக்கோ மாப்ள. வா, இன்னொரு குழி ஆடிடலாம்."

மாப்பிள்ளை பந்தை எடுத்துவிட்டு விழித்தான். "எதுக்கு மச்சான்? எனக்கு நாலுதானே?"

குளத்தில் விழுந்தால்தான் தண்டனை. குழாய்த் தலையில் நின்ற பந்தைச் சும்மாவே தள்ளி வைக்கலாம். அந்தக் குழாயைத் திருகி மாட்டியதே பம்ப்காரர்தான். தூக்கத்தில் கேட்டாலும் அந்த விதியைச் சொல்வார். விழித்திருக்கும்போதுதான் கோட்டைவிட்டார்.

மாப்பிள்ளை பந்தைப் பழைய இடத்தில் வைத்தான். தெரியாமல் கொடுத்தது வேண்டாம், அடித்தே பார்க்கிறேன் என்றான்.

"கொடுத்தது கொடுத்ததுதான்," என்றார் சட்டப்புத்தகம். "அவர் திருப்பிக் கேட்கவும் முடியாது, நீ வேண்டாம்னு சொல்லவும் முடியாது. ஆட்டம் முடிஞ்சுபோச்சு, நீ ஜெயிச்சுட்டே."

மனசு கேட்காமல் மாப்பிள்ளை அடித்தான். பந்து குழி விளிம்பில் அரைவட்டம் அடித்து வெளியே வந்து நின்றது.

விட்டுக்கொடுக்காமல் இருந்திருந்தால் இன்னோர் அடி சேர்ந்து ஐந்து, சமம் ஆகியிருக்கும். சட்டப்புத்தகம் தொண்டையைச் செருமிக்கொண்டு, இது சேராது என்றார்.

"மச்சான், நான் வேணும்னா மேலாளர்கிட்ட..."

"சும்மா இருடா," என்றார் பம்ப்காரர். தொப்பியைக் கழற்றி, முறைப்படி கைகொடுத்தார். வயிறெரியும் என்று எதிர்பார்த்தார். கொட்டாவிதான் வந்தது.