ஷியூலன் அக்கா கடைக் காரம்

சீனாவின் யீவூ மொத்தச் சந்தையில் பதினோரு வருடமாக மொழிபெயர்ப்பு வேலை பார்க்கிறேன். அரபியைச் சீனமாக்குவேன், சீனத்தை அரபியாக்குவேன். அதற்குத்தான் கூலி. அரபியை அரபியாகவே மாற்றிச் சொல்லி, முதுகைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்திருக்கும் இரண்டு பேருக்கு நடுவில் அல்லாடியது எகிப்தின் மன்சூராவிலிருந்து வந்த அந்த அண்ணன் தம்பிக்காக மட்டும்தான்.

அண்ணன் ஹாஜி அப்துல் முஃதி, தம்பி ரகப். ஊரில் அவர்கள் அப்பா வைத்துவிட்டுப் போன பாத்திரக்கடையை இருவரும் நடத்துகிறார்கள். ரகப் தன் மகள் இல்ஹாமின் கல்யாணத் தேதியை அண்ணனைக் கேட்காமல் குறித்துவிட்டார். போதாததற்கு அழைப்பிதழையும் ஆள்விட்டு அனுப்பினார். அண்ணன் கல்யாணத்துக்குப் போகவில்லை. அன்றோடு பேச்சு நின்று இரண்டு வருடமாகிறது. இப்போது கடையையே பிரிக்கிறார்கள். சரக்கு வாங்கிக்கொண்டு ஊர் திரும்பியதும் நடுவில் சுவர் எழும்பும், கொத்தனாருக்குச் சொல்லியாகிவிட்டது. ஆளுக்கொரு கடை வேண்டுமாம், ஆளுக்கொரு மொழிபெயர்ப்பாளர் மட்டும் வேண்டாமாம். நான் ஒருத்தியே போதுமாம்.

சாப்பாட்டிலும் இருவரும் எதிரும் புதிருமாக இருந்தார்கள். ஹாஜியார் பெட்டி நிறைய ரொட்டியும் பாலாடைக்கட்டியும் கொண்டுவந்திருந்தார். அது தீர்ந்த பிறகு பர்கர் கடைதான் கதி. காலையிலும் மீன் பர்கர், இரவிலும் மீன் பர்கர். அந்தக் கடைப் பெண் அவர் தலை தெரிந்ததும் கேள்வி கேட்காமல் தட்டை நீட்டத் தொடங்கிவிட்டாள். ரகப்போ கண்ணில் பட்டதையெல்லாம் வாயில் போட்டார். கறுத்து வழவழவென்று நடுங்கும் வாத்து முட்டை, தெருமுனை வரை நாறும் டோஃபு என்கிற பொரித்த சோயாக்கட்டி, துளைக்குள் அரிசி அடைத்த தாமரைக்கிழங்கு என்று ஒன்றையும் விடவில்லை.

“நஷ்வா, அவன்கிட்ட சொல்லு. அந்த முட்டை செத்து ரொம்ப நாளாச்சுன்னு.”

“அவர்கிட்ட சொல்லுங்க தங்கச்சி. அவர் தின்கிற மீன் மட்டும் நீந்திக்கிட்டா இருக்கு?”

“சின்ன வயசுலேருந்தே அவனுக்கு வயிறு ஆகாது. நாளைக்கு சுருண்டு படுத்தா யார் பார்க்கிறது?”

கடைசியாகச் சொன்னதை நான் மொழிபெயர்க்கவில்லை. ரகப் காதில் அது நன்றாகவே விழுந்தது. ஆனாலும் கையிலிருந்த முட்டையை மென்றுகொண்டே வானத்தைப் பார்த்தார். ஐம்பது வயது ஆள் செய்கிற காரியமா அது? இரண்டு பேர் தலையையும் பிடித்து முட்டவைக்கலாம் போல எனக்கு வந்தது.

நான்காம் நாள் மதியம் மழை கொட்டியது. பர்கர் கடை தூரம். ஹாஜியார் விடியற்காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடவில்லை. சந்தைக்குப் பின்னால் லான்ஜோவிலிருந்து வந்த ஷியூலன் அக்கா ஒரு சின்னக் கடை வைத்திருக்கிறாள், ஹலால் சாப்பாடு. கிண்ணத்தையும் இடுக்கியையும் எடுத்துக்கொண்டு, அடுக்கில் இருக்கும் காய், காளான், டோஃபு, மீன் உருண்டை, மாட்டிறைச்சி என்று வேண்டியதைப் பொறுக்கித் தர வேண்டும். அவள் கொதிக்கும் குழம்பில் வேகவைத்துக் கொடுப்பாள். முக்காடும் அடுப்புச் சூட்டில் சிவந்த முகமுமாக அவள் ஸலாம் சொன்னதும் ஹாஜியார் முகம் கொஞ்சம் இளகியது.

காரம் எவ்வளவு என்று கேட்டாள். ரகப் அதிகம் என்றார்.

“அவனைவிட எனக்கு ஒரு மடங்கு கூட வைக்கச் சொல்லு” என்றார் ஹாஜியார்.

“ஹாஜியார், இது நம்ம ஊர் மிளகாய்க் காரம் இல்ல. இதுல இன்னொண்ணு போடுவாங்க, அது வந்து...”

“உனக்கு எதுக்குக் கூலி தர்றேன்? நான் சொல்றதைச் சொல்லத்தானே?”

அப்படியா சங்கதி என்று அதையே அட்சரம் பிசகாமல் சொன்னேன்.

வழக்கம்போல முதுகுக்கு முதுகு வைத்து இரண்டு மேசையில் உட்கார்ந்தார்கள். முதல் கரண்டிக்கு ஹாஜியார் மூக்கைச் சுளித்தார். அடுத்த கரண்டிக்குக் கிண்ணத்தைக் கிட்டே இழுத்துக்கொண்டார். அப்புறம் தலையே நிமிரவில்லை. ரொட்டியும் மீன் பர்கருமாகவே நாளைத் தள்ளிய மனுஷன் குழம்பை உறிஞ்சுகிற சத்தம் அடுப்படி வரை கேட்டது. எனக்குப் பார்க்கவே சந்தோஷமாக இருந்தது.

திடீரென்று கரண்டி கிண்ணத்துக்குள் விழுந்தது. ஹாஜியார் உதட்டைத் தொட்டுப் பார்த்தார். கன்னத்தைக் கிள்ளினார். முகம் வெளுத்துப்போயிற்று.

“நஷ்வா, என் வாய் கோணியிருக்கா பாரு.”

“இல்லையே.”

“உதடு இருக்கிறதே தெரியல. அப்பாவுக்கும் இப்படித்தான் ஆரம்பிச்சுது. மதியம் சாப்பிட்டுக்கிட்டு இருக்கும்போது வாய் மரத்துச்சு, சாயங்காலம் மௌத்தாயிட்டார்.” சாகிற நேரத்தில் சொல்லும் கலிமாவைச் சொல்ல ஆரம்பித்தார். நாக்கு தடித்துப்போய் அதுவும் குழறியது.

குழம்பில் போடுகிற அந்த மலை மிளகின் வேலை அது. நாக்கை மரக்கச் செய்யும், கால் மணி நேரத்தில் தெளிந்துவிடும். சொல்ல வாயைத் திறந்தேன். அதற்குள் அவர் நாற்காலியோடு திரும்பிவிட்டார்.

“ரகப்.”

இரண்டு வருடத்தில் அவர் தம்பியை நேராகக் கூப்பிட்டது அப்போதுதான். நான் வாயை மூடிக்கொண்டேன்.

“கல்யாணத்துக்கு வந்தேன்டா நான்.”

ரகப் திரும்பிப் பார்த்தார்.

“மண்டபத்துக்கு எதிர்ல கார்ல உட்கார்ந்திருந்தேன். மேளம் கேட்டுச்சு. நம்ம இல்ஹாம் வெள்ளை உடுப்புல இறங்குறதைப் பார்த்தேன். நீ வாசல்ல நின்னு எல்லாரையும் கட்டிப்பிடிச்சுக்கிட்டு இருந்தே. ஒரு தடவை இந்தப் பக்கம் பார்ப்பே, ஓடி வந்து கையைப் பிடிச்சு இழுத்துட்டுப் போவேன்னு நினைச்சேன். நீ பார்க்கல.”

ஷியூலன் அக்கா கையைத் துடைத்துக்கொண்டு ஓடிவந்தாள். “என்ன ஆச்சு? மிளகு ஒத்துக்கலையா? சொல்லேன் அவர்கிட்ட, பயப்பட வேணாம்னு.”

“கொஞ்சம் பொறு அக்கா. பேச்சு நல்ல இடத்துல இருக்கு” என்றேன்.

ரகப் கண்ணில் நீர் நின்றது. “எனக்குத் தெரியாதுண்ணே. அல்லாஹ் மேல ஆணையா தெரியாது. நீங்க வரலைன்னு அன்னிக்கு ராத்திரி பூரா அழுதேன்.” பேசிக்கொண்டே தன் உதட்டைத் தடவியவர் சட்டென்று நிறுத்தினார். “அண்ணே, எனக்கும் வாய் மரத்திருக்கு. ரெண்டு பேருக்கும் ஒரே நேரத்துலயா?”

இருவரும் என்னைப் பார்த்தார்கள். வேறு வழியில்லாமல் மிளகைப் பற்றிச் சொன்னேன்.

“அப்ப நான் சாகப் போறதில்லையா?”

“இன்னிக்கு இல்ல, ஹாஜியார்.”

“முதல்லயே சொல்றதுக்கென்ன?”

“சொல்லியிருந்தா பேச்சை நிறுத்தியிருப்பீங்க.”

வெளுத்த முகம் இப்போது சிவந்தது. ஹாஜியார் எழுந்து மேலங்கியை மாட்டினார். “சாகப் போறோம்னு பயந்து உளறினது. அதெல்லாம் கணக்குல வராது” என்று பொதுவாகச் சொல்லிவிட்டு வாசலுக்கு நடந்தார். இவ்வளவு தூரம் வந்தும் சுவர்தானா என்று எனக்கு ஆகிவிட்டது.

“அண்ணே” என்றார் ரகப். “அன்னிக்கு எவ்வளவு நேரம் கார்ல இருந்தீங்க?”

ஹாஜியார் மழையைப் பார்த்துக்கொண்டு நின்றார். “விருந்து முடிஞ்சு விளக்கு அணைக்கிற வரைக்கும்.”

“சாப்பிட்டீங்களா?”

இல்லை என்று ஹாஜியார் தலையசைத்தார்.

ரகப் எழுந்தார். பெரிய கிண்ணமாக ஒன்று எடுத்துக்கொண்டு அடுக்கின் முன்னால் போய் நின்றார். இறைச்சியை இடுக்கியால் அள்ளி அள்ளி வைத்தார். மீன் உருண்டை, தாமரைக்கிழங்கு, காடை முட்டை என்று கிண்ணம் வழிய அடுக்கினார். ஷியூலன் அக்காவுக்கு எங்கள் மொழியில் ஒரு சொல் தெரியாது. ஆனால் எதுவும் கேட்காமல் அதை வாங்கி வேகவைத்து, மேலே கொத்தமல்லி தூவிக் கொண்டுவந்தாள். ரகப் அதைத் தன் மேசையில், தனக்கு எதிர்ப்பக்கம் வைத்து, நாற்காலியையும் இழுத்துப் போட்டார்.

“இல்ஹாம் கல்யாணச் சாப்பாடு, அண்ணே. ஆறிடும், வாங்க.”

ஹாஜியார் திரும்பி அந்த நாற்காலியைப் பார்த்தார். பிறகு மேலங்கியைக் கழற்றாமலேயே வந்து தம்பிக்கு எதிரில் உட்கார்ந்தார். குனிந்து சாப்பிட ஆரம்பித்தார். மூக்கிலும் கண்ணிலும் நீர் வழிந்தது, துடைக்கவில்லை. நானும் ஷியூலன் அக்காவும் அடுப்படிப் பக்கம் போய்விட்டோம். அவள் என் தோளில் கைபோட்டுக்கொண்டாள். எனக்கும் அழுகை வந்துவிட்டது.

பாதிக் கிண்ணம் காலியானதும் ஹாஜியார் நிமிர்ந்தார். நாக்கு இன்னும் குழறிக்கொண்டுதான் இருந்தது.

“கொத்தனாருக்கு நீ போன் பண்றியா, நான் பண்ணட்டுமா?”

“நீங்க சாப்பிடுங்கண்ணே” என்றார் ரகப். “நான் பண்றேன்.”