உலைக்குப் போகும் மூச்சு

விழுப்புரம் கேஸ் குடோனில் சிலிண்டரை மினி வேனில் ஏற்றிக்கொண்டே துரைக்கண்ணு கேட்டார்.

"ஆஸ்பத்திரிக்கு ஆக்ஸிஜன் வாங்குவாங்க. நீங்க உலைக்கு வாங்குறீங்க. அதுக்கு இன்னா, இழுப்பு நோயா?"

கேட்டதும் நாக்கைக் கடித்துக்கொண்டார். போன தை மாதம் என் மனைவி சங்கவி மூச்சுத் திணறித்தான் இறந்தாள். அவருக்குத் தெரியும்.

"பரவால்ல, ஏத்துங்க."

திண்டிவனத்தில் எங்கள் யூனிட்டில் பேட்டரிக்கான பீங்கான் வில்லைகள் செய்கிறோம். வில்லை வழியே லித்தியம் அயனி ஓட வேண்டும், எலக்ட்ரான் ஓடக்கூடாது. உலைச் சூட்டில் ஆக்ஸிஜன் குறைந்தால் வில்லை கறுக்கும், எலக்ட்ரான் கசியும். அன்று உலையில் இருந்தவை மறுநாள் சோதனைக்குப் போக வேண்டும். மறுபடி செய்ய நேரமில்லை. தவறினால் யூனிட்டை மூடிவிடுவார்கள்.

வேன் கிளம்பியதும் போன் அடித்தது. உலையைப் பார்த்துக்கொள்ளும் கலையரசி.

"அண்ணா, காத்து நின்னுபோச்சு."

காத்து என்றால் எங்களுக்கு உலையின் வெளிச்சுவரைக் குளிர்விக்கும் ஃபேன்.

"கரண்ட் போயிருக்கும். சுவிட்சைப் போட்டுப் பாரு."

விக்கிரவாண்டி டோல்கேட்டில் மறுபடி அடித்தது.

"ஃபேன் ஓடுதுண்ணா. அது இல்ல. உள்ள போறது."

"உள்ள போறதுன்னா?"

"அதாண்ணா... உள்ள போறது."

ஆக்ஸிஜன் ஓட்டத்துக்கு எங்கள் யூனிட்டில் 'மூச்சு' என்று பெயர். சங்கவி போன பிறகு என் எதிரில் யாரும் அதைச் சொன்னதில்லை, ஆக்ஸிஜன் என்றுகூட. அப்போதுதான் எனக்கு உறைத்தது.

"கலை, மூச்சா?"

"ஆமாண்ணா. மூச்சு நின்னுபோச்சு."

"சிலிண்டர் மீட்டர்ல முள்ளு எங்க நிக்குது?"

"பாதிக்கு மேல."

"அப்ப ரப்பர் குழாயைப் பாரு. ஜல்தி."

ஏதோ இழுபடும் சத்தம். வேனுக்குப் பின்னால் லாரி ஹாரன் அடித்தது. டிரைவர் என்னைப் பார்த்தார். கொஞ்சம் பொறுக்கச் சொல்லிக் கையைக் காட்டினேன்.

"ஸ்டூல் காலு குழாய் மேல ஏறிக்கினு இருந்துச்சுண்ணா. எடுத்துட்டேன்."

"மூச்சு?"

"வருது."

"சூட்டை இறக்காத. நான் வர்ற வரைக்கும் அப்படியே பிடி. வில்லை போன ஆக்ஸிஜனைத் திரும்ப வாங்கிக்கும்."

"வாங்கிக்குமாண்ணா?"

"தெரியல."

மறுநாள் காலை உலையைத் திறந்தோம். வில்லைகள் வெள்ளையாக இருந்தன. கடைக்கோடியில் இருந்த ஒன்று மட்டும் ஓரத்தில் சாம்பல். மற்றவற்றைப் பொட்டலம் கட்டி அனுப்பினோம்.

கலையரசி அந்த ஒன்றை இடுக்கியில் பிடித்தபடி நின்றாள்.

"இதைத் தூக்கிப் போட்டுடட்டுமா?"

"திரும்ப உள்ள வை," என்றேன். "மூச்சைத் திற."