ஒரே தண்ணீருக்கு இரண்டு விடை

பல்கலைக்கழகத்தின் அயல்நாட்டுத் தொடர்புப் பிரிவுக் கண்காணிப்பாளர் அம்மாவின் அலமாரியில் பதினொரு ஒப்பந்தங்கள் இருந்தன. எல்லாவற்றிலும் கையெழுத்து உண்டு, கைகுலுக்கும் படம் உண்டு. அதற்கப்புறம் கிணற்றில் போட்ட கல்தான். உருப்படியாக நடந்தது ஒன்றே ஒன்று: ஆற்றுத் தண்ணீரை இரு நாட்டுப் பல்கலைக்கழகங்களும் சேர்ந்து பரிசோதிப்பது. இப்போது அதுவும் இழுபறியில் கிடந்தது.

எடுத்த தண்ணீரில் பாதி இங்கே. மீதி ஐஸ் பெட்டியில் அங்கே போகும். இங்கே எண்ணினால் மட்டும் கிருமிகள் இரண்டு மடங்கு.

"அவங்களுக்கு எண்ணத் தெரியல," என்றார் பேராசிரியர். அங்கிருந்தும் அதே பதில்தான், கொஞ்சம் மரியாதையான சொற்களில்.

துணைவேந்தருக்கு அலுத்துவிட்டது. "விட்டுத் தள்ளுங்க. வேற நாட்டோட பன்னிரண்டாவதா ஒன்னு போட்டுக்கலாம்."

"வேணாம் சார். நம்ம லேப்காரரைப் பத்து நாள் அங்க அனுப்புங்க," என்றார் கண்காணிப்பாளர்.

"பேராசிரியரை விட்டுட்டு அவரையா?"

"பாட்டிலைத் தொடுறவர் அவர்தானே சார்?"

லேப்காரர் விமானமே ஏறியதில்லை. "அவங்க பாஷை தெரியாதே மேடம்."

"கூட நின்னு பாருங்கண்ணே, போதும்."

அவர் மனைவி மட்டும் கலங்கவில்லை. "போய்ட்டு வாங்க, பத்து நாள் வீடு நிம்மதியா இருக்கும்," என்று சொல்லிக்கொண்டே பெட்டியில் இரண்டு ஸ்வெட்டர்களைத் திணித்தார்.

நான்காம் நாள் போன் வந்தது. "மேடம், தப்பு நம்ம பக்கந்தான். இங்க ஐஸ்லேர்ந்து எடுத்த கையோட பரிசோதிக்கிறாங்க. நாம, சார் வகுப்பு முடிச்சு வர்ற வரைக்கும் ஜன்னலோரம் வச்சிருக்கோம். அந்த வெக்கையில கிருமி குட்டி போடாம என்ன செய்யும்?"

பேராசிரியர் ஒரு நாள் முழுக்க முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார். மறுநாள் அவரே வந்து, "அவங்களுக்கு நானே எழுதுறேன்மா," என்று கண்காணிப்பாளரின் எதிரில் உட்கார்ந்து, நடந்ததை ஒளிக்காமல் எழுதினார். பதில் இரண்டே நாளில் வந்தது. எங்கள் கிருமி வளர்க்கும் பெட்டியில் சூடு குறைவாக இருந்ததை உங்கள் ஆள்தான் கண்டுபிடித்தார் என்று எழுதியிருந்தார்கள். எங்கள் ஆய்வகப் பெண்ணையும் அங்கே அனுப்பலாமா என்று கேட்டிருந்தார்கள்.

அந்தப் பெண் வந்து மூன்று வாரம் ஆகிறது. அவரும் லேப்காரரும் பாதி சைகை, பாதி சொல் என்று பேசி, ஆய்வகமே அதிரச் சிரிக்கிறார்கள். போன வாரம் இரு பக்க எண்களும் ஒத்துப்போயின. அடுத்த பருவத்தில் நான்கு மாணவர்கள் போகிறார்கள், நான்கு பேர் வருகிறார்கள்.

வருகிறவர்களுக்காக விடுதி அறையைப் பார்க்கப் போன கண்காணிப்பாளர், கட்டில் ஒன்றைப் பிடித்து ஆட்டிப் பார்த்தார். ஆடவில்லை. திருப்தியோடு அடுத்த கட்டிலுக்குப் போனார்.