சீட்டுக்கு அடியில் எலுமிச்சம்பழம்

என் கணவர் அசரியா பதினோரு வருடம் உட்கார்ந்துகொண்டே புல் வெட்டினார். ராஜகீழ்ப்பாக்கத்துப் பள்ளி ஒன்றுக்கு வெளிநாட்டு மிஷன் அனுப்பிய வண்டி அது. ஸ்டியரிங், சீட், மூன்று கியர், அடியில் சுழலும் கத்தி. தாம்பரம் வட்டாரத்தில் அப்படி இன்னொன்று இருந்ததாக நான் கேள்விப்படவில்லை.

1988 ஜூலையில் மைதானத்து மேட்டில் வண்டி சரிந்து அவரைக் கீழே தள்ளியது. முழங்கை பிசகியதோடு தப்பினார். பக்கத்து வீட்டுக் கங்கம்மா என்னிடம், "கண்ணு பட்டுக்கீது அக்கா. எலுமிச்சம்பயம், மொளகா, கரி மூணையும் கோத்து வண்டில கட்டு" என்றாள். நாங்கள் ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போகிறவர்கள். அதனால் யார் கண்ணிலும் படாத இடமாக, சீட்டுக்கு அடியில் ஓடிய ஒரு கம்பியில் கட்டினேன்.

ஒரு மாதம் வண்டி நன்றாக ஓடியது. விளையாட்டு விழாவுக்கு மூன்று நாள் இருக்கும்போது நின்றது. இன்ஜின் ஓடும், கியர் போட்டால் நகராது. செயலாளர் ஏசுபாதம், சாயங்காலத்துக்குள் நகராவிட்டால் புல்லைக் கான்ட்ராக்டுக்கு விடப்போவதாகவும் அப்புறம் டிரைவர் தேவையில்லை என்றும் சொல்லிவிட்டு, ஷெட்டிலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்தார். ஆயுதபூஜைக்குப் பள்ளி வேனில் பொட்டு வைத்த டிரைவரை வீட்டுக்கு அனுப்பியவர் அவர்.

நான் சாப்பாடு கொண்டுபோனபோது இவர் ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டிருந்தார். பெல்ட்டை அழுத்தினார், தொய்வில்லை. கப்பி சுற்றியது. கிளட்ச் பெடல் மிதித்தால் இறங்கியது, விட்டால் முழுதாக மேலே வந்தது. கடைசியில் கியர் கம்பை ஆட்டிப் பார்த்தார்.

"கியர் உள்ள விழல சார். சீட்டுக்கு அடியில போற கம்பியை எதுவோ தடுக்குது."

எந்தக் கம்பி என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது. சொல்ல வாயெடுத்தேன். செயலாளர் என் பக்கம் திரும்பி, சாம்பாரா என்று கேட்டார். ஆமாம் என்றேன்.

இவர் சீட்டைத் தூக்கிக் கையை விட்டார். நூல் கம்பியைச் சுற்றி, கல்லாகக் காய்ந்த பழம் இடுக்கில் சிக்கியிருந்தது. செயலாளர் எழுந்து வந்தார்.

"என்னய்யா இது?"

"எலுமிச்சம்பழம் சார். வெயில்ல தாகத்துக்கு."

"மிளகாய்?"

"மோருக்கு சார்."

"கரி?"

இவர் நூலைப் பார்த்தார். அவருடைய காக்கிச் சட்டைக்கு நான் பொத்தான் தைத்த நீல நூல்.

"பல்லு தேய்க்க சார். காலைல சீக்கிரம் வந்துடறேன்ல."

செயலாளர் பாக்கெட்டிலிருந்து பேனாவை எடுத்தார். இனிமேல் வீட்டிலேயே பல் தேய்த்துவிட்டு வரவேண்டும் என்று எழுத்தில் உத்தரவு போட்டார். கியர் விழுந்தது. வெள்ளிக்கிழமைக்குள் மைதானம் வெட்டியாகிவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை சர்ச்சிலிருந்து நடந்து வரும்போது இவர் சொன்னார்:

"ஞானம், கட்டறதுன்னா கியர் பக்கம் வேணாம். பேட்டரிக்குப் பின்னாடி இடம் இருக்கு."

அதன்பின் மாதம் ஒன்று மாற்றிக் கட்டினேன். வண்டி அவரை மறுபடி தள்ளவில்லை. 1995இல் ஒரு மத்தியானம், சாப்பிட்டுப் படுத்தவர் எழுந்திருக்கவில்லை.

கட்டிலுக்கு நான் எதுவும் கட்டியிருக்கவில்லை.