ஏப்ரல் மாத அட்டைக்கடி

ஈவ்லினுக்குப் பொய் சொல்ல வராது. டைப் அடிக்க வரும். ஏற்காட்டில் அவள் பில் போடும் ஆஸ்பத்திரிக் கம்ப்யூட்டரில் பால்வினை நோய்க்கென்றே தனித்தனிக் குறியீடுகள் இருந்தன. அவற்றின் பக்கம் அவள் போவதே இல்லை. காரணம், எஸ்டேட்டில் கணக்கு எழுதும் ரைட்டர் சுப்பிரமணி. தொழிலாளிகளின் இன்சூரன்ஸ் பில்லெல்லாம் அவர் கைவழியாகத்தான் போகும். காலையில் பேர் கூப்பிட்டு வேலைக்கு ஆள் எடுக்கும்போது, கையெழுத்து வாங்குகிற சாக்கில், யாருக்கு என்ன வியாதி என்று அந்த மகானுபாவர் அடுத்த ஊர் கொட்டச்சேட்டுக்கே கேட்கும்படி படிப்பார். பாவம், மானம் போகுமே என்று ஈவ்லின் அந்த நோய்க்காரர்கள் எல்லோருக்கும் அட்டைக்கடி என்று போட்டுவிடுவாள்.

ஏப்ரலில் வந்தது வினை. மலையில் பொட்டு மழை இல்லை, அட்டைக்கடி மட்டும் அமோகம். அதுவும் புருஷன் பெண்டாட்டி ஜோடி ஜோடியாக. எஸ்டேட் மேனேஜர் பயந்துபோய் ஆளுக்கொரு பொட்டலம் உப்பு கொடுத்தார். சேலத்திலிருந்து இன்சூரன்ஸ் அதிகாரி ஹரிஹரன், ரைட்டரையும் கூட்டிக்கொண்டு வந்து இறங்கினார்.

“ஏனுங்க மேடம், இந்த வெயில்ல அட்டை எங்கீங்க இருக்குது?”

ஈவ்லின் மனசுக்குள் கணக்குப் போட்டாள். சொன்னால் நோயாளிகள் மானம் போகும், சொல்லாவிட்டால் தன் வேலை போகும். கடைசி ஊசிக்கு வந்த மாதேஷும் அவன் மனைவி சங்கீதாவும் எதிர் பெஞ்சிலேயே இருந்தார்கள்.

ஹரிஹரன் பில்லில் பெயரைப் பார்த்தார். “மாதேஷ் நீங்கதானுங்களா? கடிச்ச எடத்தக் காட்டுங்க.”

மாதேஷ் வேட்டியை இறுக்கிப் பிடித்துக்கொண்டான்.

சங்கீதா எழுந்தாள். “அட்டையும் இல்ல, ஒண்ணும் இல்லீங்க. கண்ட எடத்துல சுத்திட்டு இவரு வாங்கிட்டு வந்த சீக்கு. எனக்கும் ஒட்டிருச்சு.”

“அக்கா, உங்க மானத்துக்காகத்தான் நான்...” என்றாள் ஈவ்லின்.

“யாரு மானம் கண்ணு? அட்டை கடிச்ச புள்ளைன்னு எங்க மாமியா இவருக்கு நாட்டுக்கோழி அடிச்சுப் போடறாங்க. அதே ஊசி போட்டுட்டு நான் அம்மியில மசால் அரைக்கறேன்.”

ஈவ்லினுக்கு வெட்கமாகப் போயிற்று. இத்தனை நாளும் புருஷன்மாருக்குக் கோழி வாங்கிக் கொடுத்திருக்கிறோம் என்று அவளுக்குத் தோன்றியதே இல்லை. மடமடவென்று சரியான குறியீட்டை அடித்தாள்.

பில்லுக்கு ரைட்டர் ஆசையாகக் கையை நீட்டினார். ஹரிஹரன் தடுத்தார். “இனிமே பில்லெல்லாம் நேரா எங்களுக்கே வரட்டுங்க. மேடம், பழசையும் மாத்திப் போட்டு அனுப்பீருங்க. மேல நான் பேசிக்கறேன்.”

“மத்தவங்களுது அப்படியே போகட்டுங்க,” என்றாள் சங்கீதா. “இவருது மட்டும் ரைட்டர் கையில குடுங்க. நாளைக்குக் காலையில நொம்பச் சத்தமாப் படிக்கட்டும். எங்க மாமியாளுக்குக் காது மந்தம்.”