செத்த பயில்வானோடு ஒரு பிடி

பயில்வான் மொக்கைச்சாமி செத்து அப்போது பதினெட்டு வருடம் ஆகியிருந்தது. தாது வருடப் பஞ்சத்தில், கஞ்சிக்கு வழியில்லாமல் செத்தார். அந்த மனிதரை நான் இன்னும் தோற்கடிக்கவில்லையாம். இப்படி ஒரு குற்றச்சாட்டை யார் தலையிலாவது கட்டுவார்களா?

கம்பத்திலிருந்து பெரியகுளம் வரை என்னோடு குஸ்திக்கு இறங்கியவன் எவனும் முதுகில் மண் ஒட்டாமல் வீடு போனதில்லை. ஆனாலும் எங்கள் பண்ணைப்புரத்தில் நாலு பேர் கூடினால் இதே பேச்சுதான். கொடிக்காலில் வெற்றிலை கிள்ளுகிறவர்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்துவிடுவார்கள்.

"மொக்கைச்சாமி இடுப்புல பிடிச்சா யானையும் உக்காந்துரும். கர்ணன் என்னத்தச் செய்வான்?"

"அவன் இடுப்பக் குடுத்தாத்தானப்பா அவுக பிடிப்பாக? கழுத்துல கை போட்டு முடிச்சிருவான்ல."

"அடப் போடா, அவுக கம்மங்களி தின்ன ஒடம்பு."

நான் பக்கத்திலேயே கூடையோடு நிற்பேன். ஒருத்தனும் என்னைக் கேட்கமாட்டான். பற்றிக்கொண்டு வரும் எனக்கு.

நான் கேட்டது ஒன்றே ஒன்றுதான். குமுளிக்கு அந்தப் பக்கம் கொச்சுராமன் என்று ஒருவன் இருந்தான். அவனும் தோற்றதில்லை. ஆடி மாதம் மலையிறங்கி வந்து என்னோடு மோதுவதாகச் சொல்லி அனுப்பியிருந்தான். உயிரோடு இருக்கிறவன், என் வயதுக்காரன். அவனைப் பிடித்துப் பார்த்தால்தான் நான் எப்பேர்ப்பட்ட பயில்வான் என்று எனக்கே தெரியும். அதற்காகத்தான் தினமும் காலையில் ஐந்நூறு தண்டால் எடுத்துக்கொண்டிருந்தேன்.

அதற்குள் சித்திரைப் பொங்கல் வந்தது. மொக்கைச்சாமிக்கு ஊருக்கு மேற்கே கல் நட்டிருக்கிறார்கள். பட்டினியில் சாகவிட்ட மனிதரைச் சாமியாக்கிப் படையல் போடுவதில் ஊருக்கு ஒரு நிம்மதி. வருடாவருடம் அவர் சீனிச்சாமியின் மேல் இறங்கி வாக்குச் சொல்வார். சீனிச்சாமி பருத்தி விளைவிக்கிறவர், அறுபது வயது, ஊதினால் விழுந்துவிடுவார். அன்று உச்சிப்பொழுதில் அருள் வந்து ஆடிக்கொண்டிருந்தவர் சட்டென்று என் பக்கம் திரும்பினார்.

"ஏலே கர்ணா! எங்கிட்ட மோதாம வேற எவங்கிட்டடா மோதப் போற? எறங்குலே மண்ணுல!"

பெண்கள் குலவையிட்டார்கள். இத்தனை நாள் வழக்கு தீரப்போகிற சந்தோஷம் எல்லார் முகத்திலும் தெரிந்தது. "இங்கனயே மண்ணக் கொத்துங்கடா" என்றார் நாட்டாமை ராக்கப்பன். கல்லுக்கு முன்னால் தரையைக் கொத்திப் பதமாக்கினார்கள். சுற்றிலும் ஆள் நெருக்கி நின்றார்கள், வெளியேற ஒரு சந்து இல்லை. இறங்கினால் சாமி மேல் கை வைத்த பாவி. இறங்காவிட்டால் பயந்தாங்கொள்ளி. வசமாக மாட்டிக்கொண்டேன்.

இறங்கினேன். சீனிச்சாமி என் இடுப்பைப் பிடித்தார், நானும் அவரைப் பிடித்தேன். அவர் நெஞ்சு ஆட்டுக்குட்டியின் நெஞ்சு மாதிரி அடித்துக்கொண்டது. கொஞ்சம் இறுக்கினால் விலா எலும்பு முறிந்துவிடும். அப்போது என் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டு மெதுவாகச் சொன்னார்.

"கர்ணா, சாமி மலையேறி ரொம்ப நேரமாச்சுய்யா. இப்ப நிக்கிறது நான்தேன். சனம் விடமாட்டேங்குது. நீ என்னத் தூக்கிப் போட்டியன்னா, பொய்யா ஆடுனேன்னு கொன்னேபோடுவாக."

எனக்குக் கோபமும் வந்தது, அழுகையும் வந்தது. கிழவருக்காக மட்டும் செய்தேன் என்று பெருமையடிக்கமாட்டேன். நான் தோற்றுவிட்டால் இந்த வாய்களெல்லாம் மூடிவிடும், ஆடியில் நிம்மதியாகக் கொச்சுராமனோடு மோதலாம் என்றும் நினைத்தேன். காலைத் தளர்த்தி மல்லாந்து விழுந்தேன். என் மேல் விழுந்த சீனிச்சாமி நிஜமாகவே மயங்கிப்போனார்.

யாரும் கேலி செய்யவில்லை. மஞ்சள் தண்ணீரைக் கொண்டுவந்து என் தலையில் ஊற்றினார்கள். ராக்கப்பன் கல்லில் கிடந்த மாலையை எடுத்து என் கழுத்தில் போட்டார்.

"சாமி தொட்டு விழுத்தாட்டுன ஒடம்புப்பா இது. இனிமே மனுசக் கை படக்கூடாது. வருசா வருசம் சாமியும் கர்ணனும் மட்டுந்தேன் பிடிக்கணும்."

"மாமா, எனக்கு ஆடியில குஸ்தி இருக்கு!" என்று கத்தினேன். கொட்டுச் சத்தத்தில் அது எடுபடவில்லை.

அதற்குப் பிறகு ஊர் ஊராகப் போய்ப் பார்த்தேன். கூடப் பழகியவன்கூட என்னோடு மண்ணில் இறங்க மறுத்துவிட்டான். தொட்டால் கை விளங்காமல் போய்விடுமாம்.

ஆடியில் கொச்சுராமன் வந்தான். தடித்த கழுத்து, குஸ்தியில் கசங்கிய காது, நான் நினைத்தபடியே இருந்தான். சந்தைக்குப் போகிறவர்கள் அவனிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டிருந்தார்கள். தோள் துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு, என் காலடியில் ஒரு தேங்காயை வைத்தான்.

"ஒரே ஒரு பிடிப்பா. யாருக்கும் தெரியவேணாம்" என்று கையை நீட்டிக் கெஞ்சினேன்.

இரண்டடி பின்னால் போய்க் கையெடுத்துக் கும்பிட்டான். பாதை திரும்பும்வரை எனக்கு முதுகைக் காட்டாமலே நடந்து போனான். எனக்கு அப்போது இருபத்தெட்டு வயது.